மருத்துவர் பதில்கள்: டயாலிசிஸ் டாக்டரும் பாலியேட்டிவ் டாக்டரும் ஒரே தாளில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறுநீரகச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்தைப் பற்றியவை. அதனால் சிறுநீரக மருத்துவம் (நெஃப்ராலஜி), பாலியேட்டிவ் கேர் (வலியையும் அவதியையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை) ஆகிய இரண்டு துறையினரும் கூடி உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறோம். மருந்து அளவுகளைக் குறிப்பிட்டிருப்பது, உங்கள் டாக்டரிடம் நீங்கள் சரியான கேள்வியைக் கேட்பதற்காகத்தான். நீங்களாக எந்த மாத்திரையையும் மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

"அம்மாவுக்கு 76 வயது, சர்க்கரை நோய் உண்டு. மூன்று வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இப்போதெல்லாம் மெஷினில் போட்ட ஒரு மணி நேரத்திலேயே பிரஷர் இறங்கிவிடுகிறது. மறுநாள் முழுக்கப் படுக்கைதான். 'பாலியேட்டிவ் டீமையும் ஒருமுறை பாருங்க' என்கிறார் நெஃப்ராலஜிஸ்ட். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?"
– வாசகி, கொளத்தூர்

இல்லை அம்மா. அவர் இதை இப்போதே சொன்னது நல்லதாகப் போயிற்று. பல வீடுகளில் இந்தப் பேச்சு ஐ.சி.யு. வாசலில்தான் ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் நோயாளியிடம் 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று கேட்க வழியில்லை.

சிறுநீரக மருத்துவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: 'இந்த நோயாளி அடுத்த ஆறு மாதத்தில் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?' 'இருக்காது' என்று மனசு சொன்னால், வயது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு, மறதி நோய், கால் ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆல்புமின் 3.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போவது கவலைப்பட வேண்டிய அடையாளம். அந்தக் கட்டத்தில்தான் பாலியேட்டிவ் டீமை உள்ளே அழைக்க வேண்டும். அதற்காக டயாலிசிஸை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றாகவே நடக்கலாம்.

பிரஷர் இறங்குவதற்கு நெஃப்ராலஜி பக்கம் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதலில் டிரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்கவேண்டிய எடையை, திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாடு குறைந்து உடம்பில் சதை கரைந்திருக்கும், அல்லது கால் வீக்கத்தில் நீர் மறைந்திருக்கும். இரண்டிலுமே பழைய எடைக் கணக்கு தப்பாகிவிடும். டயாலிசிஸ் நாள் காலையில் பிரஷர் மாத்திரை தேவையா, நீரை இன்னும் மெதுவாக எடுக்கலாமா, மெஷின் திரவத்தின் சூட்டை 36 டிகிரிக்குக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். மெஷினில் படுத்திருக்கும்போது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வயிறு நிறையக் கொடுப்பதும் பிரஷரை இறக்கும். இத்தனையும் செய்த பிறகும் தாங்கவில்லை என்றால், வாரம் மூன்றை இரண்டாகக் குறைப்பது பற்றிப் பேசலாம். மூச்சுத்திணறல் வராத அளவுக்கு மட்டும் டயாலிசிஸ் செய்வதும் ஒரு சிகிச்சை முறைதான். அப்படிக் குறைத்தால் தண்ணீர்க் கணக்கில் கண்டிப்பு கூட வேண்டும்: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவு, அதோடு 500 மி.லி.

பாலியேட்டிவ் டீம் பார்ப்பது வலி, அரிப்பு, தூக்கம், குமட்டல், படுக்கைப்புண், கூடவே உங்கள் வீட்டாரின் களைப்பு. கோளாறு வருவது இரண்டு டீமுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பதில்லை. 'அந்த டாக்டர் பேசியிருப்பார்' என்று ஆளுக்கொரு பக்கம் நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரே ஒரு தாள் போதும், இரண்டு டாக்டர்களையும் அதில் எழுதி கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடைசியாக டயாலிசிஸ் நடந்த தேதி, டிரை வெயிட், ஒரு நாளில் போகும் சிறுநீர், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த இடம்) எந்தக் கையில் அல்லது கழுத்தில் பெர்ம்கேத் (டயாலிசிஸ் குழாய்) உண்டா, கொடுக்கக்கூடாத மருந்துகள், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் யாருக்குப் போன், ஐ.சி.யு. வேண்டுமா வேண்டாமா என்பதில் அம்மாவின் விருப்பம். இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். 108 ஆம்புலன்ஸில் வருபவரும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஃபிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, ஊசி போடக்கூடாது என்பது வீட்டுக்கு வரும் நர்ஸுக்கு அந்தத் தாளிலிருந்துதான் தெரியவரும்.

"அப்பா டயாலிசிஸ் நோயாளி. கால் விரல் கறுத்து, தாங்க முடியாத வலி. மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். முதல் நாள் நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, யாரையும் அடையாளம் தெரியவில்லை. வலி மாத்திரையே வேண்டாம் என்று அம்மா பயப்படுகிறார். வேறு வழி?"
– வாசகர், வியாசர்பாடி

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் வலியோடு விடவேண்டிய அவசியம் இல்லை, மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

மார்ஃபினைக் கல்லீரல் உடைக்கிறது. உடைந்த துண்டுகளை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அந்தத் துண்டுகள் உடம்பிலேயே தங்கி, வேளைக்கு வேளை ஏறிக்கொண்டே போகும். முதல் நாள் சுகமாகவும் மூன்றாம் நாள் விஷமாகவும் தெரிந்தது அதனால்தான். புற்றுநோயாளிகளிடம் அருமையாக வேலை செய்யும், விலையும் மலிவான மருந்து என்பதால் பாலியேட்டிவ் கிளினிக்கில் கை முதலில் மார்ஃபினுக்குத்தான் போகும். 'இவர் டயாலிசிஸ் நோயாளி' என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். கோடீன் கலந்த மாத்திரைக்கும் இதே கதிதான்.

பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரை, ஒரு நாளில் மொத்தம் 3 கிராமைத் தாண்டாமல் கொடுக்கலாம். அடுத்த படியாக டிரமடால், 50 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம், வலிப்பு வரலாம். கடுமையான வலிக்கு ஃபென்டனில் அல்லது புப்ரெனார்ஃபின் பட்டை (தோலில் ஒட்டும் பேட்ச்). இவற்றுக்குச் சிறுநீரகத்தின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. புப்ரெனார்ஃபின் பட்டையை மணிக்கு 5 மைக்ரோகிராம் இறங்கும் அளவில் தொடங்கி 7 நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஃபென்டனில் பட்டை 3 நாளுக்கு ஒருமுறை. இதற்கு முன் இந்த வகை வலி மருந்தே எடுக்காதவருக்கு எடுத்த எடுப்பில் ஃபென்டனில் பட்டை ஒட்டுவது ஆபத்து. பட்டை வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். பிய்த்து எடுத்த பிறகும் அதே நேரம் உடம்பில் இருக்கும். எனவே 'வேலை செய்யவில்லையே' என்று அன்றைக்கே இரண்டாவது பட்டை ஒட்டாதீர்கள். மேலே வெந்நீர் ஒத்தடமும் கூடாது. சூட்டில் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை மிச்சமிருக்கும் சிறுநீரையும் நிறுத்திவிடும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம்.

நரம்பு எரிச்சலுக்கு காபாபென்டின் நல்ல மருந்து, அரிப்புக்கும் கேட்கும். ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆரம்ப அளவு 100 மி.கி., அதுவும் டயாலிசிஸ் முடிந்த நாட்களில் மட்டும். மற்றவர்களுக்கு எழுதுகிற மாதிரி 300 மி.கி. மூன்று வேளை எழுதிவிட்டால் இரண்டு நாளில் தள்ளாட்டம், உளறல். விக்கலுக்கும் முதுகு வலிக்கும் எழுதப்படும் பேக்லோஃபென் இன்னும் மோசம். ஒன்றிரண்டு மாத்திரையிலேயே நினைவு தப்பிப்போன டயாலிசிஸ் நோயாளிகள் உண்டு. தாளில் 'கொடுக்கக்கூடாதவை' என்ற இடத்தில் அதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.

அப்பா இரண்டு கையையும் நீட்டி, டிராஃபிக் போலீஸ் நிறுத்தச் சொல்வதுபோல உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கட்டும். மணிக்கட்டு பறவை இறக்கைபோல் பொத் பொத்தென்று விழுந்து எழுந்தால், அல்லது காபி டம்ளர் கையிலிருந்து திடீரென எகிறினால், மருந்து தேங்குகிறது அல்லது யூரியா ஏறுகிறது. அன்றைக்கே போன் செய்யுங்கள்.

வலி மருந்து மலச்சிக்கல் தரும். லாக்டுலோஸ், பிசகோடில் கொடுக்கலாம். மில்க் ஆஃப் மெக்னீசியா கூடாது. இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்பதால் அதுவும் ஒத்துவராது.

"மாமனாருக்கு 83 வயது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.8. டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். 'எனக்கு வேண்டாம்மா' என்கிறார் மாமா. சும்மா விட்டுவிடுவதா?"
– வாசகி, அம்பத்தூர்

டயாலிசிஸ் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் முறையான ஒரு சிகிச்சைதான், சும்மா விடுவது ஆகாது. ரத்தசோகைக்கு எரித்ரோபொயட்டின் ஊசி, நீர் இறங்க ஃபுரோசமைட், அமிலத்துக்கு சோடா மாத்திரை, பிரஷர் கட்டுப்பாடு என்று எல்லாமே நடக்கும். மெஷின் மட்டும் கிடையாது.

80 வயதைத் தாண்டி இதய நோயும் உள்ளவர்களுக்கு டயாலிசிஸால் கூடுகிற ஆயுள் பல நேரம் மிகச் சிறிது. கூடுகிற நாட்களிலும் பாதி ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் போய்விடும். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். தொடங்குவதற்கு முன் தங்கள் வேலையைத் தாங்களே எந்த அளவுக்குச் செய்துகொண்டிருந்தார்களோ, அதே நிலையில் இருந்தவர்கள் 13 சதவீதம்தான். அவர்கள் ஏற்கெனவே நலிந்து இல்லத்தில் இருந்தவர்கள். உங்கள் மாமா கோயிலுக்கு நடந்து போய் வருகிறார் என்றால் கணக்கு வேறு.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து என்றால் நடுவழி ஒன்று உண்டு. ஆறு வாரமோ மூன்று மாதமோ கெடு வைத்து டயாலிசிஸ் செய்து பார்ப்பது. தொடங்குவதற்கு முன்பே, எது நடந்தால் தொடர்வோம், எது நடந்தால் நிறுத்துவோம் என்று மாமாவின் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள். கெடுத் தேதியை நெஃப்ராலஜிஸ்ட், பாலியேட்டிவ் டாக்டர் இருவரும் தங்கள் குறிப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தத் தேதி சத்தமில்லாமல் கடந்துபோய்விடும்.

வயிற்றுவழி டயாலிசிஸ் பொருந்துமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் வயிற்றுக்குள் விடும் 2 லிட்டர் திரவப் பையை ஒரு நாளில் மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும், கை சுத்தம் கட்டாயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளையும், நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். தகவலுக்கு 104.

"அப்பா தெளிவாக இருக்கிறார். 'போதும், இனி மெஷினுக்கு வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டார். எத்தனை நாள் இருப்பார்? கடைசியில் மூச்சுமுட்டித் துடிப்பாரா? வீட்டில் என்ன தயாராக இருக்க வேண்டும்?"
– வாசகர், மயிலாப்பூர்

முதலில், இந்த முடிவு மன அழுத்தத்தாலோ, சரிசெய்யக்கூடிய வலியாலோ, 'பிள்ளைக்குச் செலவு' என்ற எண்ணத்தாலோ வந்ததா என்று இரண்டு டாக்டர்களும் தனித்தனியாக அவரிடம் பேசட்டும். அரிப்பு அடங்கித் தூக்கம் வந்த பிறகு மனம் மாறியவர்கள் இருக்கிறார்கள். மாறினால் மெஷின் திறந்தே இருக்கும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

சிறுநீர் அறவே போகாதவர்கள் சராசரியாக 7 முதல் 10 நாட்கள் இருப்பார்கள். சிறுநீர் போகிறவர்களுக்குச் சில வாரங்கள் வரை நீளலாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் பெரிய மாற்றம் தெரியாது. பார்க்க வேண்டிய சொந்தங்கள் வரவேண்டியது அப்போதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் நாள் டிக்கெட் போடச் சொன்னால் பேச்சுக்கு நேரம் இருக்காது. பிறகு தூக்கம் கூடும், சாப்பாடு குறையும், அரிப்போ குமட்டலோ வரலாம். அமிலம் ஏறுவதால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். பார்க்கிற நமக்குத் திணறுவதுபோல் தோன்றினாலும் முகம் சுருங்காமல் இருந்தால் அவருக்கு அவ்வளவு தெரிவதில்லை. கடைசி நாட்கள் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கமே. பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோவதும் உண்டு, அதில் வலி இருக்காது.

உண்மையில் துடிக்கவைப்பது நுரையீரலில் சேரும் நீர். அதைத் தடுப்பது பெரிதும் நம் கையில் இருக்கிறது. ஆகவே இந்த நாட்களில் டிரிப்ஸ் ஏற்றாதீர்கள். 'ஒண்ணுமே சாப்பிடலையே, ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டா தெம்பா இருப்பாரே' என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்த ஒரு பாட்டில் நேராக நுரையீரலில் போய் நிற்கும். வாய் வறண்டால் ஐஸ் துண்டு, நனைத்த பஞ்சு, உதட்டில் வெண்ணெய்.

டயாலிசிஸை நிறுத்திய அன்றைக்கே மருந்துகளை வாங்கி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு விடக்கூடாது. ஃபென்டனில் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. 2014 போதைமருந்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை வைத்துக்கொள்வது எளிதாகியிருக்கிறது. உங்கள் பாலியேட்டிவ் மையம் அப்படிப்பட்டதா என்று கேளுங்கள். குமட்டலுக்கு ஹாலோபெரிடால், இரவில் 0.5 மி.கி. வலிப்பு அல்லது பதற்றத்துக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே. தொண்டையில் களகளவென்று சளி சத்தத்துக்கு கிளைகோபைரோலேட் ஊசி. விழுங்க முடியாதபோது மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட, வீட்டில் ஒருவருக்கு நர்ஸ் கற்றுத்தர வேண்டும். மூச்சு வாங்கினால் மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். கன்னத்தில் காற்றுப் படுவதே பாதித் திணறலைக் குறைக்கும்.

கொலஸ்ட்ரால், பாஸ்பரஸ், விட்டமின் மாத்திரைகள் இனி வேண்டியதில்லை. இன்சுலினை டாக்டரிடம் கேட்டுக் குறைக்கவேண்டும். சாப்பாடு குறைந்து, சிறுநீரகமும் வெளியேற்றாமல், பழைய அளவே போட்டால் நள்ளிரவில் சர்க்கரை 40-க்கு இறங்கிவிடும். சிறுநீர் போகிறது என்றால் ஃபுரோசமைட் மட்டும் தொடரலாம்.

அரிப்புக்கு வெதுவெதுப்பான நீரில் துடைத்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கழுத்தில் பெர்ம்கேத் இருந்தால் எடுக்கவேண்டாம், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். ஃபிஸ்டுலாவில் ரத்தம் பீறிட்டால் இரண்டு விரலால் அதே புள்ளியில் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள்.

உப்பு, ஊறுகாய், தக்காளி என்று வருடக்கணக்கில் தடுத்து வைத்ததெல்லாம் இனி அவர் ஆசைப்பட்டால் ஒரு வாய் கொடுக்கலாம். இளநீர் கேட்டால்? பொட்டாசியம் அதிகம் என்பதை அவருக்கும் தெரியப்படுத்திவிட்டு, இரண்டு மடக்கு கொடுங்கள்.

"நியூஜெர்சியில் இருக்கும் மகன், ஹாஸ்பிஸில் (கடைசிக்காலப் பராமரிப்பில்) சேர்த்தால் டயாலிசிஸை நிறுத்தியே ஆகவேண்டும் என்கிறான். இங்கேயும் அப்படியா?"
– வாசகர், அண்ணா நகர்

அவர் சொல்வது அங்குள்ள காப்பீட்டுச் சிக்கல். அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் ஹாஸ்பிஸுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தொகை தருகிறது. சிறுநீரகச் செயலிழப்பே இறுதி நோய் என்று எழுதிச் சேர்த்தால் டயாலிசிஸ் செலவும் அந்தத் தொகைக்குள்ளேயே வரவேண்டும், கட்டுப்படியாகாது. இங்கே அப்படி விதி கிடையாது. ஆனால் நம்மூர் ஹாஸ்பிஸ்கள் பலவும், மாத்தூர் ஜீவோதயாவைப் போல, புற்றுநோயாளிகளுக்காக ஏற்பட்டவை. டயாலிசிஸ் நோயாளியை எடுப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் டீம் கிடைத்தால் அதுவே உத்தமம்.

"அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று. சிறுநீர்க்குழாயை அடைத்து கிரியேட்டினின் 9-க்கு ஏறிவிட்டது. முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்கு ட்யூப் போட்டுச் சிறுநீரை வெளியே எடுக்கலாம் என்கிறார்கள். போடலாமா?"
– வாசகி, தண்டையார்பேட்டை

மேலே உள்ள கடிதங்களில் நெஃப்ராலஜிஸ்ட், பாலியேட்டிவ் டாக்டரை அழைக்க வேண்டியிருந்தது. இங்கே பாலியேட்டிவ் டாக்டர்தான் நெஃப்ராலஜிஸ்டை அழைக்க வேண்டும். ட்யூப் போடுவதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்த நோய்க்கு இன்னும் கதிர்வீச்சோ கீமோவோ பாக்கி இருக்கிறதா? இருக்கிறது என்றால் தயங்காமல் போடுங்கள். சிறுநீரகம் ஓரளவு தேறினால்தான் அந்த மருந்துகளைத் தர முடியும். பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டியிருந்தால் ஓரிரு முறை டயாலிசிஸ் செய்துவிட்டு ட்யூப் போடுவார்கள். அடைப்பு நீங்கிய முதல் இரண்டு நாட்களில் சிறுநீர் 4, 5 லிட்டர்கூடக் கொட்டலாம், அப்போது பிரஷரும் உப்பும் இறங்காமல் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை எல்லாம் முடிந்துவிட்டது என்றால் யோசிக்க வேண்டும். ட்யூப் சில வாரமோ சில மாதமோ தரலாம். கூடவே முதுகில் பை, சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம், நழுவினால் நள்ளிரவில் ஓட்டம், குளிர்காய்ச்சல். அடைப்பால் வரும் யூரியா மயக்கம் வலியில்லாத முடிவு. ட்யூப் போட்டு அதைக் கடந்தபின், அடுத்துப் புற்றின் வலி கூடும் கட்டத்தை அம்மா சந்திக்க நேரலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதனால் நாங்கள் சொல்கிறோம். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், அம்மா மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தால் கிரியேட்டினின் 9 என்பதை வலி டாக்டருக்கு இன்றே தெரிவியுங்கள். போன மாதம் சரியாக இருந்த அளவு இந்த மாதம் அதிகம்.

"டயாலிசிஸை நிறுத்தினால் போலீஸ் கேஸ் ஆகுமா? எழுதி வைக்க வேண்டுமா?"
– வாசகர், தாம்பரம்

ஆகாது. சுயநினைவோடு தெளிவாக இருப்பவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம். அதை கேஸ் ஷீட்டில் தேதியோடு பதிவு செய்தால் போதும். நினைவு தப்பிய பிறகும் தன் விருப்பம் நடக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இதை ஏற்றுக்கொண்டது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று அப்போது இருந்த விதியை 2023 ஜனவரியில் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசடட் அதிகாரியின் சான்றும் போதும் என்றது. தனக்காக முடிவெடுக்கப்போகிறவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். நினைவில்லாத நோயாளி விஷயத்தில் ஆஸ்பத்திரி மூன்று டாக்டர் கொண்ட குழுவை அமைக்கும், அதன் முடிவை இரண்டாவது குழு ஒன்று சரிபார்க்கும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான் நினைவு இருக்கும்போதே பேசச் சொல்கிறோம்.

"வீட்டிலேயே இறந்தால் சுடுகாட்டில் சர்டிஃபிகேட் கேட்பார்களே?"
– வாசகி, பெரம்பூர்

கேட்பார்கள். வீட்டில் இறப்பவருக்குச் சிகிச்சை அளித்துவந்த டாக்டர், காரணத்தைப் படிவம் 4ஏ-வில் எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரி மரணத்துக்கு உள்ள படிவம் 4 வேறு. நெஃப்ராலஜிஸ்ட், பாலியேட்டிவ் டாக்டர் இருவரில் யார் தருவார்கள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்றால் யார் வருவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிய அந்தத் தாளிலேயே போன் நம்பரோடு குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ஆதார் நகலைத் தாளின் பின்னால் பின் செய்து வையுங்கள். மாநகராட்சியில் பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உண்டு.